பில்லில் யார் பெயர்?

புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிறார்கள், சினிமாவுக்கு எழுதுகிறார்கள். நாமெல்லாம் பயபக்தியோடு படிக்கும் கரண்ட் பில், கேஸ் பில்லுக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. பி.காம். படித்தவன் என்ற ஒரே தகுதியில் இந்த வாரம் நான் எழுதிப் பார்க்கிறேன்.

மணப்பாறை நண்பரின் மகன் லண்டனில் வீடு பிடித்திருக்கிறான். முதல் கேஸ் பில்லை அனுப்பி, 'அங்கிள், உங்களுக்காவது புரியுதா?' என்று கேட்டிருந்தான்.

அங்கே கேஸ் குழாயில் வருகிறது. மீட்டர் அளப்பது கன மீட்டரில். பில் போடுவது கிலோவாட் மணியில். நடுவில் 1.02264-ஆல் பெருக்கி, வெப்ப மதிப்பால் பெருக்கி, 3.6-ஆல் வகுக்கிறார்கள். அடுப்பே பற்ற வைக்காவிட்டாலும் தினசரி ஒரு தொகை தனி. நம்மூர் 14.2 கிலோ சிலிண்டரில் இந்த வம்பெல்லாம் கிடையாது. ஆக, நடை படுமோசம்.

ஆனால் முதல் அத்தியாயம் பிரமாதம். அங்கே புது வீட்டுக்குப் போனால், ஏற்கெனவே சப்ளை செய்யும் கம்பெனியோடு குடிவந்த நாள் முதல் ஒப்பந்தம் இருப்பதாகவே கருதுகிறார்கள். சாவி வாங்கிய அன்றே கரண்ட், கேஸ் மீட்டர்களைப் போட்டோ எடுத்து ரீடிங்கைச் சொல்லிவிட்டால் போதும். முன்பு இருந்தவரின் பாக்கிக்கு நீங்கள் பொறுப்பில்லை. பிறகு பிடித்த கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம். வாடகைக்கு இருப்பவர் பெயரிலேயே பில் வரும். பல இடங்களில் அதுவே முகவரிச் சான்று.

இங்கே? இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். 2016-லிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். பல வீடுகளில் அந்த இலவசம் மாடிப்படி ஏறுவதில்லை. சப்-மீட்டர் வைத்து, 'யூனிட்டுக்கு இவ்வளவு' என்று ஒரே ரேட். கேஸ் இணைப்புக்குப் போனால், 'அட்ரஸ் ப்ரூஃப் இருக்கா?' கரண்ட் பில் இருக்கிறது, இன்னொருவர் பெயரில்!

2021-ல் உஜ்வலா இரண்டாம் கட்டத்தில், பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் முகவரிக்குத் தாங்களே உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. குடியிருப்பவரின் வார்த்தையை கேஸ் நம்பலாம் என்றால், கரண்டும் நம்பலாமே?

பையனுக்குக் கணக்கை விளக்கி எழுதினேன். பதில் வந்தது: 'இன்னும் புரியல அங்கிள். ஆனா என் பேரை மட்டும் கரெக்டா போட்டிருக்கான்.'

அவன் அப்பா மணப்பாறையில் இருபது வருஷமாக வாடகை வீட்டில் இருக்கிறார். கரண்டுக்கு ஒருமுறைகூடப் பாக்கி வைத்ததில்லை. தன் பெயர் போட்ட பில்லை அவர் இன்னும் பார்த்ததில்லை.