பழைய வளவு பார்க்கப் போகிறீர்களா?

காரைக்குடி வீடுகளின் தூண்களை மனதில் வைத்துக்கொண்டு கல்முனைக்கோ நிந்தவூருக்கோ போனால் ஏமாற்றம்தான். இலங்கையின் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் வீடு மகளுக்குரியது. கலியாணத்துக்கு முன் கட்டியோ புதுக்கியோ சீதனமாகக் கொடுப்பார்கள். ஆகவே சுவரும் கூரையும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பழமை தங்கியிருப்பது வளவின், அதாவது வீடுகள் நிற்கும் காணியின், அமைப்பில்.

வாசலில்: ஸலாம் சொல்லுங்கள், பதில் வரும்வரை உள்ளே கால் வைக்காதீர்கள். அதற்குள் வேலியைப் பாருங்கள். அன்று கிடுகு, இன்று மதில். உயரம் மட்டும் குறையவில்லை. பெண்கள் புழங்கும் முற்றத்தில் வீதியின் கண் விழக்கூடாது என்பதே கணக்கு.

வளவுக்குள்: எத்தனை வீடுகள் என்று பாருங்கள். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பக்கத்தில் இன்னொன்று கட்டிப் போவார்கள், அது அடுத்தவளுக்கு. இப்படி ராத்தாவும் தங்கச்சியும் அயல்வீட்டுக்காரர் ஆகிறார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் மச்சான்மார்தான். குடி எனப்படும் குலமும் தாய்வழியே வருகிறது. அக்கரைப்பற்றில் தங்கி இந்த முறையை ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 1989இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார்.

வீட்டுக்குள்: விறாந்தை ஆண் விருந்தாளிகளுக்கு. நல்ல அறை புதுமாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும். இடம் போதாவிட்டால் ஒதுங்குவது பெற்றோர்.

பின்பக்கம்: அனுமதி கிடைத்தால் மட்டும் குசினிப் பக்கம் போங்கள். காணி துண்டானபின்பும் சகோதரிகள் ஒரே கிணற்றில் அள்ளுகிறார்களா? நடுமதிலில் ஆள் போகும் அளவுக்கு வழி விட்டிருக்கிறார்களா? அப்படியிருந்தால் அங்கே சற்று நின்று பாருங்கள். பாதுகாத்த பழமை அதுதான்.

எங்கே தேடுவது: மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வீதிகளில் 2004 டிசம்பர் 26 சுனாமி வீடுகளை வரிசை வரிசையாக அழித்தது. குமர்ப்பிள்ளைகளின் சீதனமும் அதோடு போனது. ஆகவே பழைய வளவுகளைப் பார்க்கப் பிரதான வீதியின் மேற்குப் பக்கம் போங்கள்.

“எத்தனை வருசப் பழசு?” என்று கேட்டால் ஓர் எண்தான் கிடைக்கும். “இது யாருக்குக் குடுத்த வீடு?” என்று கேளுங்கள், உம்மம்மாவில் தொடங்கிப் பேத்திவரை கதை வரும். காணி நெருக்கடியில் இப்போது வளவு மேல்நோக்கி வளர்கிறது. புதிய கொங்கிரீட் கூரையில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றால் அரைகுறை வேலை என்று முகம் சுளிக்காதீர்கள். அந்த வீட்டில் இன்னொரு மகள் இருக்கலாம்.