கூப்பிட்ட குரலுக்கு

அலிபாபா கதையில் காசிம் பேராசையால் செத்தான் என்றுதான் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தார்கள். கொஞ்சம் யோசித்தால் அவன் செத்தது ஒரு சொல்லை மறந்ததால். குகைக்குள் போய்விட்டான், பொன்னை மூட்டை கட்டிவிட்டான், வெளியே வரவேண்டிய சொல் மட்டும் நாக்கில் வரவில்லை. தானியங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறான். கதவு அசையவில்லை. ஆனால் அந்தக் கதவிடம் ஒரு நியாயம் இருந்தது. அது யார் குரல் என்று பார்ப்பதில்லை. திருடர் தலைவன் சொன்னாலும் திறக்கும், விறகுவெட்டி சொன்னாலும் திறக்கும். சொல் சரியாக இருந்தால் போதும்.

வாணியம்பாடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவி ஸ்டாண்டின் மேல் இருக்கிற பேசும் ஸ்பீக்கருக்கு அந்த நியாயம் கிடையாது. எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே தேவையில்லை. அப்பாவுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிய பிறகு அக்கா வாங்கி வைத்தது. போனில் எழுத்து தெரிவதில்லை, வாயால் சொன்னால் பாட்டு போடும், அக்காவுக்கு போன் பண்ணும் என்பது ஏற்பாடு. அக்கா மகள் கூப்பிட்டால் உடனே விளக்கு எரிகிறது. அப்பா கூப்பிட்டால் நாலு தடவைக்கு ஒரு தடவை. “இன்னாடா இது, நான் கூப்ட்டா மட்டும் செவுடாயிடுது?” என்றார் முதல் வாரம். இரண்டாவது வாரம் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். முப்பது வருஷம் டேனரியில் டிரம் ஓடுகிற இடத்தில் வேலை பார்த்த மனிதர். அந்தச் சத்தத்துக்கு மேல் ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. அவர் கூப்பிட்டு யாரும் திரும்பாமல் போனதை நான் பார்த்ததில்லை.

இந்தக் கருவிகள் எப்படிக் கேட்கின்றன என்று தெரிந்துகொண்டபோது எனக்குக் கோபம் குறையவில்லை, இடம் மாறியது. நாம் பேசுவதையெல்லாம் அது முழுதாகப் புரிந்துகொள்வதில்லை. உள்ளே ஒரு சின்ன நிரல் ஓயாமல் காதைத் தீட்டிக்கொண்டு, கடைசி ஓரிரு விநாடி ஒலியை மட்டும் வைத்துப் பார்த்து, அது தன் பெயர்தானா என்று மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் விழித்துக்கொள்ளும். வரம்பைத் தாழ்த்தினால் யார் எதைப் பேசினாலும் எழுந்துவிடும். உயர்த்தினால் கூப்பிட்டவருக்கே எழாது. நடுவில் எங்கே கோடு போடுவது, எந்தக் குரல்களை வைத்துப் பழக்குவது என்பதை ஓர் அலுவலகத்தில் மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். செவிட்டுத்தனமும் அங்கேயே பங்கிடப்படுகிறது.

எழுப்புகிற அந்தச் சொல்லை ‘விழிப்புச் சொல்’ என்று மொழிபெயர்க்கலாம். எனக்கு ‘விளிச்சொல்’ என்றே சொல்லத் தோன்றுகிறது. (எங்க ஊர்ப்பக்கம் பலர் வாயில் இரண்டும் ஒரே ஒலிதான்.) காரணம் இருக்கிறது. கூப்பிடுவதற்கென்று தனி வேற்றுமையே வைத்திருக்கிற மொழி நம்முடையது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயலே ஒதுக்கியிருக்கிறது. பெயர் விளியாகும்போது எப்படித் திரியும், எங்கே நீளும், எவை திரியாமல் இயல்பாக நிற்கும் என்பதுதான் அதில் பேச்சு. தொலைவில் இருப்பவரைக் கூப்பிடும்போது பெயர் தன் மாத்திரை அளவைத் தாண்டி நீளும் என்பதும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. அதாவது, கூப்பிடும்போது பெயர் மாறுவது நமக்குப் பிழையல்ல, இலக்கணம். மாடியில் இருக்கிற செல்வியைக் கூப்பிடும்போது நாம் ‘செல்வி’ என்றா சொல்கிறோம்? ‘செல்வீஈஈ’ என்கிறோம். பாலாற்று மணலில் நின்று எதிர்க்கரை ஆளைக் கூப்பிடுகிறவனுக்கு உயிரெழுத்துதான் கயிறு. அப்பாவும் சமையலறையிலிருந்து கூடத்துக்கு அப்படித்தான் இழுத்துக் கூப்பிடுகிறார். கருவியோ இரண்டடி தூரத்தில் நின்று, நிறுத்தி, நிதானமாகச் சொல்லும் ஒரு பெயரை எதிர்பார்க்கிறது. அதற்கு விளிவேற்றுமை தெரியாது.

பெயர்களைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு காது இருக்கிறது. 2014இல் அமேசான் எக்கோ வந்தபோது அலெக்ஸா என்ற பெயரை வைத்ததற்கு அலெக்ஸாந்திரியா நூலகத்தோடு அதன் நடுவிலுள்ள வலுவான ‘க்ஸ்’ ஒலியும் காரணம் என்று நிறுவனத்தார் சொல்லியிருக்கிறார்கள். வேறு சொற்களோடு குழம்பாதாம். ஆங்கிலக் காதுக்கு நல்ல யோசனை. தமிழ் நாக்கோ அந்த இடத்தில் ஓர் உகரத்தைச் செருகும், இல்லாவிட்டால் ககரத்தை விழுங்கும். கூகுள் அசிஸ்டன்ட் தமிழில் பதில் சொல்லும். ஆனால் அதை எழுப்ப ‘ஹே கூகுள்’ அல்லது ‘ஓகே கூகுள்’தான். ‘ஹே’வில் உள்ள ஹகரம் நம் பேச்சில் நிற்பதில்லை. அது ‘ஏ’ ஆகிவிடும். ‘ஏ’ என்றால் நமக்கு வேறு அர்த்தம். வயதில் மூத்தவர் சின்னவனை, முதலாளி கூலியாளை விளிப்பது. டேனரியில் பல வருஷம் ‘ஏ’ என்று கூப்பிடப்பட்ட ஒருவர், வீட்டில் இன்னொன்றை அப்படிக் கூப்பிடத் தயங்குகிறார். “ஏம்மா”ன்னு ஆரம்பிச்சா அதுக்குப் புரியாது.

பக்கத்து வீட்டு ஆப்பாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. உருது பேசுகிறவர், ஹகரம் கணீரென்று விழும், கருவி உடனே எழும். சிக்கல் அடுத்த நிமிஷம். அவர் பேசுவது தக்கனி. வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஆமாம் என்பதற்கு ‘ஹௌ’. மொழிப் பட்டியலில் இந்தி இருக்கிறது, நக்கோ இல்லை. முதல் கதவு திறந்து இரண்டாம் கதவில் நிற்கிறார். கவிக்கோ அப்துல் ரகுமான் இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்த ஊர் இது. தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே கடைவீதியில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நடக்கும். எவர் உச்சரிப்பு ‘சரி’ என்ற கேள்வி இங்கே யாருக்கும் வந்ததில்லை; கருவிதான் கொண்டுவந்தது.

இது நம் ஊர்ப் புலம்பல் மட்டும் இல்லை. 2020இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளை அமெரிக்கர் பேச்சில் நூறு சொல்லுக்குச் சராசரியாக 19 பிழை. கறுப்பின அமெரிக்கர் பேச்சில் 35. அது விளிச்சொல் சோதனை அல்ல, முழுப்பேச்சை எழுத்தாக்கும் சோதனை. ஆனாலும் காரணம் ஒன்றுதான்: பழக்கிய குரல்களில் யார் இருந்தார்கள், யார் இல்லை. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2024இல் வெளியிட்ட ‘இண்டிக்வாய்சஸ்’ தொகுப்பில் 22 இந்திய மொழிகளில், 145 மாவட்டங்களிலிருந்து 16,000க்கும் மேற்பட்டவர்களின் குரல்கள் இருக்கின்றன. எழுதிவைத்துப் படித்ததைவிட இயல்பாகப் பேசியதே அதில் அதிகம். எனக்கு மரியாதை இருக்கிறது. ஆனால் அக்கா வாங்கி வைத்த டப்பாவுக்குள் அந்த உழைப்பு எப்போது போய்ச் சேரும்?

என்னை உறுத்துவது வேறொன்று. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பா மறுபடி அதனிடம் பேசிக்கொண்டிருந்தார், அதுவும் எழுந்துகொண்டிருந்தது. சரியாகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். தொண்டையைச் சுருக்கி, பேத்தியின் குரலில், அவளுடைய கான்வென்ட் ஆங்கில ஏற்ற இறக்கத்தோடு கூப்பிடுகிறார். அவள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். விளக்கு எரிந்ததும் பழைய குரலுக்குத் திரும்பிப் பாட்டு கேட்கிறார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டார். எழுபது வயதில் ஒருவர் தன் வீட்டுக்குள்ளேயே மிமிக்ரி செய்ய வேண்டியிருக்கிறது.

ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020இல் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். கூப்பிடாமலே இந்தக் கருவிகளை எழுப்பிவிடும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்சேர்க்கைகளைக் கண்டுபிடித்தார்கள். ‘எலெக்‌ஷன்’ என்றால் அலெக்ஸா விழித்துக்கொள்ளும், ‘எ சிட்டி’ என்றால் சிரி. வந்த அன்று ராத்திரி எங்கள் வீட்டிலும் நடந்தது. சீரியலில் யாரோ அழுதுகொண்டே என்னவோ சொல்ல, ஸ்பீக்கரில் விளக்கு எரிந்து, மன்னிக்கவும், புரியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு குரல். சாய்வு நாற்காலியில் இருந்த அப்பா தலையைத் திருப்பாமல், தன் சொந்தக் குரலில் சொன்னார்: “உன்ன யாரும் கூப்புடல. படு.”