மணிக்கட்டில் ஒரு கூழாங்கல்

சைக்கிளில் போகும்போது சட்டைப்பையில் போன் அடித்தால் என்ன செய்வது? பிரேக் பிடித்து, ஓரங்கட்டி, கையை விட்டு எடுத்துப் பார்த்தால் அது கடன் வேண்டுமா என்று கேட்கும் விளம்பர அழைப்பாக இருக்கும். 2008 வாக்கில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் படித்துக்கொண்டிருந்த கனடா மாணவர் எரிக் மிகிகோவ்ஸ்கியை யோசிக்க வைத்தது இப்படியொரு சின்ன எரிச்சல்தான். கூப்பிடுவது யார் என்பதை மட்டும் கைக்கடிகாரம் காட்டிவிட்டால் போதாதா?

முதலில் பிளாக்பெர்ரி போன்களோடு இணையும் 'இன்பல்ஸ்' என்ற கடிகாரத்தைச் செய்தார். அது பெரிதாக விற்கவில்லை. அடுத்த கடிகாரத்துக்கு முதலீட்டாளர்களிடமிருந்து போதிய பணம் பெயரவில்லை. வேறு வழியின்றி 2012 ஏப்ரல் 11 அன்று கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு லட்சம் டாலர் கேட்டு உண்டியல் வைத்தார். இரண்டே மணி நேரத்தில் அந்தத் தொகை சேர்ந்துவிட்டது. மே 18 அன்று உண்டியலை மூடியபோது 68,929 பேர் போட்ட பணம் ஒரு கோடி டாலரைத் தாண்டியிருந்தது. கடிகாரத்தின் பெயர் பெபிள், அதாவது கூழாங்கல். (இந்தியக் கடைகளில் இதே பெயரில் கிடைக்கும் கடிகாரங்கள் வேறொரு நிறுவனத்தின் சரக்கு.)

பெபிளுக்கு முன்பும் ஸ்மார்ட்வாட்ச்கள் இருந்தன. கணினியோடு இணையும் கடிகாரத்தை ஜப்பானின் சீகோ 1984-லேயே விற்றது. பண்பலை வானொலி அலைவரிசை வழியாகச் செய்தியையும் வானிலையையும் கடிகாரத்துக்கு அனுப்பி, அதற்குச் சந்தாவும் வாங்கிய மைக்ரோசாப்டின் 'ஸ்பாட்' 2004-இல் வந்து, நான்கே ஆண்டுகளில் கடைகளிலிருந்து மறைந்தது. அவை மணிக்கட்டில் ஒரு குட்டிக் கணினியையோ வானொலியையோ உட்கார வைக்கப் பார்த்தன. பெபிள் அந்த ஆசையை விட்டுவிட்டது. யோசிப்பது போனின் வேலை, காட்டுவதும் கையைத் தட்டிச் சொல்வதும் என் வேலை என்று பிரித்துக்கொண்டது. இரவல் மூளையோடு வாழ்வது என்ற அந்த ஒரு முடிவிலிருந்துதான் அதன் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் கிளைத்தன.

நல்லதைத் திரையிலிருந்து தொடங்க வேண்டும். 1.26 அங்குலம், 144-க்கு 168 புள்ளிகள், கறுப்பும் வெள்ளையும், அவ்வளவே. போன் திரைக்குப் பழகிய கண்ணுக்குப் பழைய கால்குலேட்டர் ஞாபகம் வரும். ஆனால் உச்சி வெயிலில் கையைத் திருப்பிப் பார்த்தால் கதையே வேறு. போன் திரை மங்கிப்போகிற அதே வெயிலில் இதன் எழுத்துகள் பளிச்சென்று நிற்கும். தானாக ஒளியை உமிழாமல், மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பிவிட்டுக் காட்டும் திரை அது. ஒவ்வொரு புள்ளியும் தான் கறுப்பா வெள்ளையா என்பதைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும். படம் மாறாதவரை அதைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டியதில்லை. மின்சாரச் செலவு சொற்பம். 130 மில்லிஆம்பியர்-மணி கொண்ட பொடி பேட்டரியை வைத்துக்கொண்டு ஏழு நாள் ஓடும் என்று நிறுவனம் சொல்ல முடிந்தது அதனால்தான். கட்டியவர்களுக்கு ஐந்தாறு நாள் கிடைத்தது. இருட்டில் மணிக்கட்டை ஒரு முறை உதறினால் பின்விளக்கு எரியும்.

இதில் ஒரு சிறு கள்ளமும் உண்டு. அந்தத் திரையை நிறுவனம் 'இ-பேப்பர்' என்று விளம்பரப்படுத்தியது. கிண்டிலில் புத்தகம் படிப்பவர், தன் கையில் இருக்கும் மின்மை (இ-இங்க்) திரைதான் இதிலும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். உள்ளே இருந்தது ஷார்ப் நிறுவனத்தின் எல்.சி.டி. வகைத் திரை. 'இ-பேப்பர்' என்ற சொல்லுக்கு வரையறை தளர்வானது என்பதால் பொய் என்று அடித்துச் சொல்ல முடியாது. வாங்குபவர் என்ன நினைப்பார் என்பது நிறுவனத்துக்குத் தெரியாமலும் இருந்திருக்காது.

ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அந்தச் சிக்கனத்தின் அருமை தெரியும். 2013 செப்டம்பரில் சாம்சங் அறிமுகப்படுத்திய கேலக்ஸி கியரின் விலை 299 டாலர். வண்ணத் திரை, வாரில் பொருத்திய கேமரா என்று சீர்வரிசை நீளம். முதலில் அது சாம்சங்கின் நோட் 3 போனோடு மட்டுமே பேசியது. தினமும் சார்ஜரைத் தேடியது. 2015-இல் ஆப்பிள் வாட்ச் வந்தபோது அதன் பேட்டரி 18 மணி நேரம் வரும் என்று ஆப்பிளே அறிவித்தது. 150 டாலருக்குக் கடையில் கிடைத்த பெபிள், ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டோடும் ஒத்துப்போனது. அதில் எந்நேரமும் மணி தெரியும். கடிகாரம் என்ற பெயருக்கு இந்த ஒன்று அடிப்படைத் தகுதி. அதிக விலைக்காரர்கள் பலர் வெகுகாலம் மறந்திருந்ததும் இதைத்தான்.

பொத்தான்களையும் சொல்ல வேண்டும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் மூன்று. தொடுதிரை கிடையாது. ஈர விரலுக்கும் தொடுதிரைக்கும் ஆகாது என்பது மழையில் போனை எடுத்த எல்லோருக்கும் தெரியும். பெபிளில் நனைந்த கையாலும், கையுறையோடும், பார்க்காமலேகூடப் பாட்டை மாற்றலாம். 50 மீட்டர் நீர்காப்பு இருந்ததால் நீச்சல் குளத்திலும் கழற்ற வேண்டியதில்லை.

குறைகள் பெட்டி கைக்கு வரும் முன்பே தொடங்கிவிட்டன. 2012 செப்டம்பரில் அனுப்புவதாகச் சொன்ன கடிகாரம் 2013 ஜனவரியில்தான் புறப்படத் தொடங்கியது. ஆயிரத்துச் சொச்சம் செய்யத் திட்டமிட்டவரிடம் 85,000-க்கு மேல் கேட்டால் வேறென்ன நடக்கும்? தாமதத்தை மன்னிக்கலாம். ஆனால் வந்த கடிகாரத்துக்குச் செயலி எழுதும் கருவித்தொகுப்பு அப்போது தயாராக இல்லை. 2013 ஏப்ரலில்தான் அது வெளிவந்தது. விளம்பரக் காணொளியில் கண்ட பலவற்றுக்கு வாங்கியவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு ஆயிரக்கணக்கில் முகப்புகளும் செயலிகளும் குவிந்தன. மணியை எண்ணில் காட்டாமல் சொல்லில் எழுதிக் காட்டும் முகப்புக்குத் தனி ரசிகர்கள் இருந்தார்கள். கடிகாரத்திலோ எட்டுக்குத்தான் இடம். ஒன்பதாவதை ஏற்ற வேண்டுமென்றால் ஒன்றை இறக்கிவிட வேண்டும்.

தோற்றத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. பிளாஸ்டிக் உடம்பு, எளிதில் கீறல் விழும் முகம். 2014-இல் உலோக உடம்போடு வந்த 'ஸ்டீல்' அந்தக் குறையைப் பெருமளவு போக்கியது.

அதைவிட மோசமான நோய் உள்ளே இருந்தது. திரையையும் மின்பலகையையும் சேர்க்கும் இணைப்பு நாளடைவில் தளர்ந்து, எழுத்துகள் கோடு கோடாகக் கிழிபட்டுத் தெரியத் தொடங்கின. ஒட்டி மூடிய பெட்டி என்பதால் திறந்தால் நீர்காப்பு போகும், திறக்காவிட்டால் மணி தெரியாது. துணிந்தவர்கள் திறந்து, மடித்த காகிதத் துண்டை உள்ளே அணைகொடுத்து மூடினார்கள். ஆடும் மேசைக்காலுக்கு அட்டை வைக்கும் வைத்தியம்தான். பலருக்கு அது பலித்தது.

தமிழில் குறுஞ்செய்தி வந்தால் பெபிள் என்ன காட்டியது? கட்டங்கள். நிறுவனம் கொடுத்த மென்பொருளில் தமிழ் எழுத்துரு இல்லை. 2016 தொடக்கத்தில் இணைய அங்காடி வழியாக இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோதும், "எங்க இருக்கே?" என்று வீட்டிலிருந்து வரும் கேள்வியை அது வரிசையாகச் சதுரம் போட்டுத்தான் காட்டியது.

இரவல் மூளையின் விலை ஐபோனோடு சேர்ந்தபோதுதான் முழுதாகத் தெரிந்தது. தொடக்கத்தில் ஐபோன் அறிவிப்புகள் கடிகாரத்துக்கு வருவதும் நிற்பதுமாக இருந்தன. போனின் அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொன்றையும் அணைத்து மீண்டும் போட்டால் கொஞ்ச நேரம் வரும். 2013 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 7-இல் ஆப்பிள் தன் கதவைக் கொஞ்சம் திறந்ததும் அந்தத் தொல்லை ஓய்ந்தது. ஆப்பிள் திறந்தது, அதனால் ஓய்ந்தது. பெபிளின் பொறியாளர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் சாவி அடுத்த வீட்டில் இருந்தது. அந்த அடுத்த வீட்டுக்காரர் 2015-இல் சொந்தக் கடிகாரத்தோடு அதே தெருவில் கடை போட்டார்.

இந்த வகைக் கடிகாரங்களுக்கே உரிய இன்னொரு சங்கடம், நான்கு பேர் நடுவே கடிகாரத்தைப் பார்ப்பது. போனைப் பைக்குள்ளேயே விடலாம், பேச்சு தடைப்படாது என்பதுதான் பெபிளின் வாக்குறுதி. ஆனால் எதிரே பேசிக்கொண்டிருக்கும் பெரியவர் முன்னால் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தால், அவர் கண்ணில் அது செய்தி படிப்பதாகத் தெரியாது. "என்ன தம்பி, நேரமாச்சா?" என்று எழுந்துவிடுவார்.

நிறுவனத்தின் இரண்டாம் சுற்று அமோகமாகவே தொடங்கியது. 2015-இல் 64 வண்ணத் திரையும் மைக்கும் கொண்ட 'பெபிள் டைம்' அதே கிக்ஸ்டார்ட்டரில் இரண்டு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அதே ஆண்டில் விற்பனை இலக்கு தவறியது. உடற்பயிற்சிக் கருவியாகவும் அலுவலகத் துணையாகவும் அதை மாற்றப் பார்த்தார்கள். நோண்டிப் பார்க்கும் ஆர்வலர்கள் என்ற தங்கள் இயல்பான வாடிக்கையாளரைத் தாண்டி ஓட முயன்று தடுமாறினோம் என்று மிகிகோவ்ஸ்கியே 2022-இல் எழுதினார். ஒப்புக்கொண்டதில் நேர்மை இருக்கிறது. ஆனால் ஒரு பாதியை அது விட்டுவிடுகிறது: ஆர்வலர்களோடு மட்டும் நின்றிருந்தாலும், போன் செய்பவர்களே கடிகாரமும் செய்யும் சந்தையில் அந்த நிறுவனம் அப்போதிருந்த அளவில் எவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்கும்?

2016 டிசம்பர் 7 அன்று பெபிளின் மென்பொருளையும் அறிவுசார் சொத்தையும் ஃபிட்பிட் நிறுவனம் வாங்கிக்கொண்டதாக அறிவிப்பு வந்தது. கடிகாரத் தயாரிப்பு நின்றது. இருபது லட்சத்துக்கு மேல் விற்றிருந்த கடிகாரங்களின் உத்தரவாதமும் அன்றோடு போயிற்று. பலர் முன்பணம் கட்டியிருந்த 'டைம் 2' என்ற அடுத்த கடிகாரம் வரவேயில்லை; பணம் திரும்பியது. 2018 ஜூன் 30 அன்று சர்வர்களும் அணைந்தன. மணி ஓடியது, அறிவிப்பும் வந்தது. செயலிக் கடை, வானிலை, பேச்சை எழுத்தாக்கும் வசதி எல்லாம் நின்றன. விலை கொடுத்து வாங்கிய பொருளில் பாதி எங்கோ ஒரு கட்டடத்தில் இருந்திருக்கிறது என்பது கட்டியிருந்தவர்களுக்கு அன்றுதான் உறைத்தது.

அந்தப் பாதியை மீட்டவர்கள் அந்த ஆர்வலர்களே. 'ரீபிள்' என்ற பெயரில் தன்னார்வலர்கள் செயலிக் கடையை மறுபடி எழுப்பினார்கள். வானிலைக்கும் பேச்சு வசதிக்கும் மாதம் மூன்று டாலர் சந்தா. ஃபிட்பிட்டை வாங்கிய கூகுள் 2025 ஜனவரியில் பெபிளின் இயங்குதள மூல நிரலைப் பொதுவில் வைத்தது. மிகிகோவ்ஸ்கி மீண்டும் பட்டறையைத் திறந்தார்.

அவர் அறிவித்த 'பெபிள் 2 டுயோ'வின் விலை 149 டாலர். அதே 144-க்கு 168 புள்ளி, அதே கறுப்பு வெள்ளை, அதே பொத்தான்கள். பேட்டரி மட்டும் முப்பது நாள் வரும் என்று சொன்னார். ஐபோன் வைத்திருப்பவர்கள் இந்தக் கடிகாரத்திலிருந்து பதில் செய்தி அனுப்ப ஆப்பிள் வழிவிடவில்லை என்பதையும், இம்முறை விற்பனைக்கு முன்பே விளக்கமாக எழுதி வைத்துவிட்டார்.