திறந்த அணுக்கமும் ஆய்வாளர் மனோபாவமும்

அறிவு சமூக உழைப்பின் விளைபொருள். அதன் நுகர்வோ தனியுடைமை உறவுகளால் வரையறுக்கப்படுகிறது. இம்முரண்பாடு நமது தமிழியல் ஆய்வுலகிலும் உண்டு.

கொழும்புத் தமிழ் நாடக வரலாற்றில் ஜிந்துப்பிட்டிக்கு ஓர் இடமுண்டு. அவ்வரலாற்றை எழுத முனைபவர் பழைய நடிகரின் நினைவுகளையும் வீடுகளிற் பேணப்பட்ட துண்டுப்பிரசுரங்களையும் பெரிதும் நம்பவேண்டியவர். அவ்வாறு திரட்டியவை ஆய்வேடாகிப் பல்கலைக்கழக நூலகத்துள் முடங்குமாயின், தகவல் தந்தவரின் பேரப்பிள்ளைக்கே அது எட்டாப்பொருளாகிவிடும். 1945 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாய்ப் பட்டம் பெற்ற நாம், அக்கல்விக்கு வரி செலுத்திய மக்களுக்கே ஆய்வின் பயனை மறுக்கிறோம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருக்கும் அறிவு எத்துணை நொய்தானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 2005இல் தோன்றிய நூலகம் எண்ணிம நூலகத்தின் தேவையை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும். அதனை உருவாக்கியோர் தன்னார்வலர். நம் ஆய்வாளரோ அதனை நாள்தோறும் பயன்படுத்துவர். தமது ஆய்வேட்டை அங்கு வழங்கத் தயங்குவர்.

இத்தயக்கத்தைத் தனிமனிதக் குறைபாடாக மட்டும் நோக்குதல் பொருந்தாது. பதவியுயர்வுக்கான புள்ளிகள் ஆய்வை ஒரு பண்டமாக்கிவிட்டன. திருடப்படும் என்ற அச்சமும் கூறப்படுகிறது. ஆயின் மறைந்து கிடக்கும் ஆய்வேட்டிலிருந்து திருடுவதே எளிது. யாவரும் காணக்கூடியதிலிருந்து திருடுபவர் விரைவில் அகப்படுவர்.

திறந்த அணுக்கம் எனப்படுவதெல்லாம் மக்கள் சார்பானது என மயங்குதலும் தவறு. 2002இன் புடாபெஸ்ற் பிரகடனம் வாசகருக்குக் கட்டணத் தடையற்ற அணுக்கத்தை வேண்டிற்று. பெருமூலதனம் அவ்வேண்டுகையையும் வணிகமாக்கியது. 2021இல் 'நேச்சர்' சஞ்சிகை ஒரு கட்டுரையைத் திறந்த அணுக்கத்தில் வெளியிட 9,500 யூரோ கட்டணம் விதித்தது. வாசகனுக்குத் திறந்த கதவு ஏழைநாட்டு ஆய்வாளனுக்கு மூடப்படுகிறது.

நமக்கு வேறு மரபுண்டு. 1959இல் தினகரன் ஆசிரியப் பொறுப்பேற்ற கைலாசபதி, இலக்கிய விவாதத்தைப் பரந்த வாசகரிடம் கொண்டுசென்றார். இருசாராரிடமும் கட்டணம் பெறாத சங்க ஏடுகள் அம்மரபைத் தொடரவல்லவை. ஏற்கப்பட்ட ஒவ்வோர் ஆய்வேட்டின் பிரதியும் பொது எண்ணிமச் சேகரத்துக்கு வழங்கப்படல் வேண்டும். அவ்வாறு வழங்குதல் பதவியுயர்விற் கணிக்கப்படல் வேண்டும். இவ்விரண்டையும் கோரிப் போராடுவது முற்போக்காளர் கடன். மக்களைப் பற்றி எழுதுவது மட்டும் மக்கள் இலக்கிய ஆய்வாகாது. எழுதியது அவர்களைச் சென்றடையவும் வேண்டும்.