றோபோவியல் நிறுவகமும் பொதுப் பல்கலைக்கழகமும்: ஒரு விமர்சன நோக்கு

பல்கலைக்கழகம் ஒன்றிற் புதிய நிறுவகம் தோன்றும்போது, அதனை மதிப்பிடுவோர் பெரும்பாலும் கட்டிடத்தின் பரப்பையும் கருவிகளின் விலையையுமே கணக்கிடுகின்றனர். அஃது பொறியியலாளரின் அலுவல் எனக் கலைப்பீடத்தார் ஒதுங்கிவிடுவதும் வழக்கம். இவ்வொதுக்கம் பொருத்தமானதன்று. ஒரு நிறுவகம் யாரிடமிருந்து பணம் பெறுகின்றது, யாரை உள்ளே விடுகின்றது, யாருடைய உழைப்பை மாற்றியமைக்க முனைகின்றது என்பன சமுதாயவியல் சார்ந்த வினாக்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகங்களுள் மூத்ததாகிய மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் றோபோவியல் நிறுவகமாக வளர்ந்து, 2022இல் தனித்துறையாகிய முயற்சியை இவ்வினாக்களின் துணைகொண்டு நோக்குதல் இங்கு எமது கருத்தாகும்.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்டு, 1921 சனவரியிற் பிராக் தேசிய அரங்கில் மேடையேறிய நாடகமே 'றோபோ' என்ற பெயரை உலகிற்குத் தந்தது. பெயரை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய தமையனார் யோசெப். நிலவுடைமையாளனுக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்த கட்டாய வேலையைக் குறிக்கும் செக் சொல்லே அதன் மூலம். ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணத்தில் 'ஊழியம்' எனப்பட்டதனை நினைவுகூர்வோர்க்கு அதன் கசப்பை விளக்கவேண்டியதில்லை. ஆகவே, றோபோவியல் என்பது பிறக்கும்போதே உழைப்பின் உறவுகளைப் பற்றிய சொல்லாகப் பிறந்தது. இதனை மறந்தே பெரும்பாலான நிறுவகங்கள் தம்மை அறிமுகம் செய்கின்றன.

மிச்சிகன் மாநிலத்திலோ அதனை மறப்பதற்கு வழியில்லை. அந்நாட்டு மோட்டார் வாகனத் தொழிலின் தாயகம் அது. 1936 டிசம்பர் இறுதியிலிருந்து 1937 பெப்ரவரி வரை 44 நாட்கள் தொழிலாளர் ஆலைக்குள்ளேயே அமர்ந்து போராடிய பிளின்ற் நகரும் அம்மாநிலத்திலேயே உள்ளது. 1961இல் நியூ ஜேர்சியிலுள்ள ஜெனரல் மோட்டர்ஸ் ஆலையொன்றில் முதலாவது கைத்தொழில் றோபோ வேலைக்கு அமர்த்தப்பட்டபின், அதன் தாக்கத்தை அதிகம் உணரவேண்டியவர்களாக இருந்தோர் மிச்சிகன் தொழிலாளரே. 1980களின் தொடக்கத்தில் இப்பல்கலைக்கழகம் றோபோவியலுக்கும் ஒருங்கிணைந்த உற்பத்திக்குமென ஒரு நிலையத்தை அமைத்தது. அதே காலத்தில், 1983இல், அம்மாநிலத்தின் கலமசூ நகரிலுள்ள அப்ஜோண் நிறுவகம் வெளியிட்ட ஆய்வொன்று 1990ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் றோபோக்களால் 100,000 முதல் 200,000 வரையான வேலைகள் மறையும் எனவும், 32,000 முதல் 64,000 வரையானவை புதிதாகத் தோன்றும் எனவும் மதிப்பிட்டது. எண்கள் எவ்வளவு துல்லியமானவை என்பதன்று எமது அக்கறை. மறையும் வேலைகள் குறைந்த பயிற்சியுடையோருடையவை. தோன்றும் வேலைகளிற் பாதிக்கு மேற்பட்டவை ஈராண்டுக்குக் குறையாத கல்லூரிக் கல்வியை வேண்டுவன. அந்த ஆய்வின் உண்மையான செய்தி இதுவேயாகும். ஆலை வாயிலில் இழந்ததைப் பல்கலைக்கழக வாயிலிலேதான் மீட்கலாம் என்றால், அவ்வாயில் யாருக்குத் திறந்திருக்கின்றது என்பதே தலையாய வினாவாகின்றது.

இவ்வினாவிற்குப் பல்கலைக்கழகம் தந்துள்ள விடைகள் இரண்டு; ஒன்றோடொன்று பொருந்தாதவை.

முதலாவது விடை கட்டிடம். 2021 மார்ச்சில் திறக்கப்பட்ட நான்கு மாடிக் கட்டிடம் ஏறத்தாழ 75 மில்லியன் டொலர் பெறுமதியானது. பறக்கும் பொறிகளுக்கென மூன்று மாடி உயரக் கூடம், செவ்வாய்க் கிரகத்தின் தரையைப் போன்ற முற்றம், நடக்கும் பொறிகளைச் சோதிக்கும் கூடம், செயற்கை அவயவங்களை ஆராயும் ஆய்வுகூடம் என அனைத்தும் வியக்கத்தக்கன. ஆனால் அதன் பெயர் போட் மோட்டார் கம்பனி றோபோவியற் கட்டிடம். நான்காம் மாடியைக் கம்பனி தன் பொறியியலாளருக்கென வாடகைக்கு எடுத்துக்கொண்டது. இவ்வுறவு புதிதன்று, 1956இலேயே டியர்போண் வளாகத்திற்குக் கம்பனி நிலமும் 6.5 மில்லியன் டொலரும் வழங்கியிருந்தது. கம்பனியின் கொடையின்றி இத்தகைய கட்டிடம் எழும்பியிராது என்பர். இருக்கலாம். எனினும் நிலத்தைக் கொடுத்துவிட்டு விலகுதல் வேறு. அதே கூரையின்கீழ் ஒரு மாடியிற் குடியிருத்தல் வேறு. மாடிப்படியில் நாளும் சந்திப்பவனின் பிரச்சினையே ஆய்வு மாணவனுக்குப் பிரச்சினையாகத் தோன்றும். ஆய்வின் திசையை எவரும் கட்டளையிட்டு மாற்றவேண்டியதில்லை. தொழிலாளர் சங்கத்திற்கு ஒரு மாடி வேண்டாம், ஓர் அறையாவது ஒதுக்குவது பற்றி யாரேனும் எண்ணியிருப்பரா என்று கேட்கத் தோன்றுகின்றது.

இரண்டாவது விடை அவ்வளவு பகட்டற்றது. ஆயினும் எமது மதிப்பீட்டிற் கட்டிடத்திலும் பெரியது. அது 2020இல் தொடங்கிய ஒரு முதலாண்டுப் பாடம். பொறியியல் மாணவன் நேரியல் அட்சரகணிதத்தை வழமையாக நுண்கணிதப் பாடங்கள் பலவற்றைக் கடந்த பின்னரே தொடுகின்றான். நுண்கணிதத்தை முன்கூட்டியே கற்பிக்கும் வசதி செல்வமுள்ள பாடசாலைகளுக்கே பெரிதும் உண்டு. எனவே வறிய பாடசாலையிலிருந்து வருபவன் முதல் நாளிலேயே பின்தங்குகின்றான். அவனது அறிவுக் குறைவாக அஃது பின்னர் எண்ணப்படுகின்றது. நிறுவகத்தின் இயக்குநராயிருந்த பேராசிரியர் ஜெசி கிறிசிலும் அவர் சகாக்களும் இவ்வரிசையைக் கலைத்தனர். நுண்கணிதத்தை முன்நிபந்தனையாகக் கேளாது, நேரியல் அட்சரகணிதத்தையும் கணிப்பையும் முதலாண்டிலேயே ஒன்றாகக் கற்பித்தனர். சமன்பாடுகளைக் கையால் தீர்ப்பதோடு நில்லாது, லேசர் அளவீடுகளிலிருந்து தரையின் வரைபடத்தை ஆக்குதல், இருசில்லு வண்டியை விழாது நிறுத்துதல் என்பனவற்றை மாணவர் அக்கணிதத்தைக் கொண்டே செய்தனர். கறுப்பின மாணவருக்கென வரலாற்றில் உருவான மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் கல்லூரிகளும் இப்பாடத்திற் பங்குகொண்டன. பாடநூலும் எவரும் விலையின்றிப் பெறுமாறு வெளியிடப்பட்டது.

கணித வரிசையொன்றை மாற்றியது சிறு செயல் என எண்ணுவோர், பாடத்திட்டம் என்பதும் ஒரு சமுதாய அமைப்பே என்பதைக் கவனிப்பதில்லை. எதன் பின் எது கற்கப்படவேண்டும் என்ற ஒழுங்கு, எவன் முன்னே நிற்பான் என்ற ஒழுங்காகவும் தொழிற்படுகின்றது. இலவசக் கல்வியைப் பெற்ற நாம் இதனை நன்கறிவோம். பௌதிக வசதியற்ற பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவே இல்லாமையாற் கலைப்பீடத்திற்கு வந்தோர் எம்மிடையே இல்லாமலில்லை. அவ்விலவச நூலும் ஆங்கிலத்திலுள்ளமையால் எமது கிராமத்து மாணவனுக்கு இன்னும் ஒரு கதவு எஞ்சியிருக்கின்றது என்பது வேறு கதை.

இவ்விரு விடைகளுள் எது நிறுவகத்தின் இயல்பைத் தீர்மானிக்கும்? கட்டிடத்தின் பெயர் கல்லில் உள்ளது. பாடமோ அதனை நடத்தும் ஆசிரியரின் ஊக்கத்திற் பெரிதும் தங்கியுள்ளது. ஆகவே பாடத்தின் கொள்கை ஆய்வுகூடத்திற்கும் ஏறவேண்டும் என்பதே எமது வாதம். எந்தப் பணியைப் பொறியிடம் ஒப்படைப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் அப்பணியைச் செய்துவந்தோருக்கும் ஓர் ஆசனம் வேண்டும். முதுகு வளைத்துச் செய்யும் பற்றாசு வேலையைப் பொறியிடம் விட்டுவிட அவர்களே விரும்பக்கூடும். வாகனத்தின் பிழையைக் காதால் கேட்டறியும் வேலையை விட மறுக்கவும் கூடும். இவ்வேறுபாட்டை நான்காம் மாடியிலிருந்து அறிய இயலாது. பிளின்றிலும் டியர்போணிலும் இப்பல்கலைக்கழகத்திற்கு வளாகங்கள் உள்ளன. அவற்றின் வாயிலிலிருந்து ஆலைகள் வெகுதூரத்தில் இல்லை.