தேர்ச்சீலையும் இஸ்திரிப் பெட்டியும்

நம் முத்தாண்டிக்குப்பத்துக்கு ஒரு பக்கம் திருவதிகை, இன்னொரு பக்கம் சிதம்பரம். இரண்டும் தேரோடும் ஊர்கள். ஆனித் திருமஞ்சனத்துக்கோ மார்கழித் திருவாதிரைக்கோ சிதம்பரம் போனவர்கள் தேரின் மரச்சிற்பங்களை நின்று பார்த்திருப்பார்கள். மேலே காற்றில் ஆடும் சீலைகளையும் உருளையாகத் தொங்கும் தொம்பைகளையும் அப்படிப் பார்த்தவர்கள் குறைவு. துணியின்மேல் துணியை வெட்டி வைத்துத் தைப்பதில் தமிழ்நாட்டின் தலைசிறந்த வேலை அங்கேதான் இருக்கிறது. ஃபியூசிங் என்ற பசைத்தாளை ஒட்டி மெஷினில் குயில்ட் போடக் கற்கும் நம் பகுதிப் பெண்களுக்கு முதல் பாடமும் அதுவாகவே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துச் சீலை வேலைக்கு இலக்கணம் வகுத்தவை தூரமும் காற்றும். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரம் முடிந்தபின் 96 அடி என்பார்கள். அந்த உயரத்திலுள்ள யாளியின் பல்லும் மயிலின் கழுத்தும் வடம் பிடிப்பவருக்குத் தெரிய வேண்டுமானால் நுணுக்கமான கோடு உதவாது. பெரிய பெரிய வெட்டு, சிவப்பின்மேல் வெள்ளை, மஞ்சளையடுத்துக் கறுப்பு என்று ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் நிறம், இவைதான் கீழே வந்து சேரும். ஒடிசாவின் பிப்ளியும் தேருக்கே தைத்து வளர்ந்த ஊர். பூரியில் ஜகந்நாதர் தேருக்குச் சிவப்பும் மஞ்சளும், பலபத்திரருக்குச் சிவப்பும் பச்சையும், சுபத்திரைக்குச் சிவப்பும் கறுப்பும்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி சமூகப் பெண்கள் போடும் கவண்டி என்ற குயில்ட் வேறு மரபு. ஆப்பிரிக்க வழி வந்தவர்கள் அவர்கள். பழைய சேலையை விரித்து, ஓரத்திலிருந்து துண்டுகளை வைத்து, கையால் நூலோட்டிக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். துண்டைப் பிடிக்கும் தையலே அடுக்குகளையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறது. நான்கு மூலையிலும் துணியை மடித்துப் ‘பூ’ வைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. தேர்ச்சீலை கண்ணுக்கு, கவண்டி உடம்புக்கு. இந்த இரண்டு அளவுகோலையும் கையில் வைத்துக்கொண்டுதான் மெஷின் வேலையை எடைபோட வேண்டும்.

மெஷின் குயில்டுக்கு மதிப்பு எளிதில் வந்துவிடவில்லை. அமெரிக்காவில் கைத்தையலுக்குத்தான் வெகுகாலம் மதிப்பு. 1989-ல் அங்கே படூக்கா நகரில் நடந்த குயில்ட் போட்டியில் கேரில் பிரையர் ஃபாலர்ட்டின் சூரிய கிரகணக் குயில்ட் முதலிடம் பெற்றது. மெஷினில் குயில்ட் செய்த ஒன்றுக்கு அந்தப் பரிசு போனது அதுவே முதல்முறை.

இனி ஃபியூசிங். ஒரு புறம் காகிதம், மறுபுறம் பசை. காகிதத்தில் உருவத்தை வரைந்து, துணியின் உள்பக்கம் வைத்து இஸ்திரி போட்டு, வெட்டி, காகிதத்தை உரித்து அடித்துணியில் மறுபடி அழுத்த வேண்டும். முதலில் பிசகுவது திசை. காகிதத்தில் வரைந்தது துணியில் இடவலம் மாறி விழும். மயில் எந்தப் பக்கம் பார்த்தாலும் மயில்தான். ‘ஓம்’ புரண்டு விழுந்தால் அந்தத் துணியே வீண். அடுத்தது விறைப்பு. பெரிய உருவமானால் ஃபியூசிங்கின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்தில் கால் அங்குலம் மட்டும் விட்டால் போதும். துணி துவளும், ஊசியிலும் பசை ஏறாது.

பசை பிடித்திருக்கிறதே என்று தையலைக் குறைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். துவைக்கத் துவைக்க ஓரம் கிளம்பும். ஜிக்ஜாக் இருந்தால் ஓரம் முழுக்க நெருக்கமாகப் போடலாம். சாதா மெஷின்தான் என்றால் விளிம்பை ஒட்டி நேர்த்தையல். கொஞ்சம் பிசிறும், ஆனால் பிரியாது. குயில்டுக்கு மெஷினின் பல்லை இறக்கி, டார்னிங் ஃபுட் மாட்டி, துணியை இரு கையாலும் நகர்த்தித் தைக்க வேண்டும். சுற்றிலும் நெருக்கித் தைத்துவிட்டு உருவத்தின் உள்ளே ஒரு தையலும் போடாவிட்டால் அது உப்பிக்கொண்டு நிற்கும். யானைக் காதின் மடிப்பு, இறகின் நரம்பு, தாமரை இதழின் நடுக்கோடு இவையெல்லாம் உள்ளே தையல் போக இயல்பான வழிகள். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் விரித்து, விளிம்புத் தையலையே குயில்ட் தையலாகவும் போட்டால் அது கவண்டிக்காரர்களின் முறைதான்.

கோயிலுக்குத் தைப்பவர்கள் ஃபியூசிங்கை உருவம் நகராமலிருக்க மட்டும் வைத்துக்கொண்டு, ஓரத்தில் நாடா கொடுத்து இரண்டு வரிசை தையுங்கள். காற்று முதலில் பிடித்து இழுப்பது ஓரத்தைத்தான். குழந்தைக்கு விரிப்பு என்றால் நாடா உறுத்தும், வேண்டாம். மெல்லிய பருத்தியை வாங்கி, கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்து, அதன்பிறகு ஃபியூசிங்கைத் தொடுங்கள்.