உறங்குபையின் அட்டையில் ஓர் எண்: அது யாருடைய குளிர்?

கும்மிடிப்பூண்டியில் வாழ்பவருக்குக் கடுங்குளிர் என்பது புத்தகத்தில் படித்தறிந்த செய்தியே. மார்கழி விடியலில்கூட இங்கே வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்கு வெகுவாகக் கீழே இறங்குவதில்லை. ஆனால் இவ்வட்டாரத்து இளைஞர்கள் இப்போதெல்லாம் விடுமுறையில் இமயமலைக்கு நடைப்பயணம் போகிறார்கள். என் மாணவர் ஒருவர் டிசம்பர் மாதத்தில் உத்தரகண்டிலுள்ள கேதார்காந்தா மலைக்குச் செல்லவிருந்தார். அதன் உச்சி சுமார் 3,800 மீட்டர் உயரம். புதிதாக வாங்கிய உறங்குபை ஒன்றைக் கல்லூரிக்கே எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். "சார், மைனஸ் பத்து வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. எனக்குப் போதுமா?" என்று கேட்டார்.

அட்டையை மும்முறை படித்துப் பார்த்தேன். "−10°C" என்ற எண் பெரிய எழுத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு வாத்தின் படம். வேறொன்றும் இல்லை. பத்து டிகிரி உறைகுளிரில் இப்பைக்குள் படுத்தவர் சுகமாக உறங்குவாரா, நடுங்கியபடி விடியலை எதிர்பார்ப்பாரா, அல்லது உயிர் மட்டும் பிழைப்பாரா? அந்த எண் இதைச் சொல்லவில்லை. அலகு இருந்தும் பொருள் இல்லாத எண் அது. ஆகவே இக்கட்டுரை ஓர் அட்டையைப் பற்றிய விமரிசனம்.

அட்டைக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று சிலர் எண்ணலாம். 2024 ஜூன் மாதம் உத்தரகண்டின் சஹஸ்திரதால் ஏரிக்குச் சென்று திரும்பிய கர்நாடகக் குழுவினர், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் பனிப்புயலில் சிக்கினர். அவர்களில் 9 பேர் மாண்டனர். அது உறங்குபையின் குறையால் நேர்ந்ததன்று. வெட்டவெளியில் புயல் செய்த கொடுமை. ஆயினும் கோடை மாதத்தில்கூட மலைக்குளிர் ஆளைக் கொல்லும் என்பதற்கு அதுவே சான்று. அத்தகைய இடத்தில் நாம் நம்பியிருக்கும் பொருளின் மேலுள்ள எண் உண்மையாக இருக்க வேண்டும்.

பை சூடு தருவதில்லை

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம். உறங்குபை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. பழவேற்காட்டு மீனவர் பனிக்கட்டியுடன் மீனை அடைத்து அனுப்பும் தெர்மகோல் பெட்டி குளிரை உண்டாக்குகிறதா? வெளி வெப்பத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது, அவ்வளவே. சிப்காட் உருக்காலைகளில் உலையைச் சுற்றிப் போர்த்தும் பீங்கான் இழைக் கம்பளி, உள்வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கிறது. உறங்குபையும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. இங்கே உலை நம் உடல்தான். உறங்கும் மனிதனின் உடல் ஏறத்தாழ 70 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. இந்த 70 வாட்டைக் கொண்டே இரவைக் கழித்தாக வேண்டும்.

ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். தோலின் வெப்பநிலை 33 டிகிரி, கூடாரத்தினுள் −5 டிகிரி, வேறுபாடு 38. பையின் பரப்பு 2 சதுர மீட்டர். அசைவற்ற காற்றின் வெப்பங்கடத்தும் எண் சுமார் 0.025, செம்பின் எண் 400. காற்று எவ்வளவு சிறந்த தடுப்பு என்பது இதிலிருந்தே விளங்கும். கதிர்வீச்சு முதலியவற்றையும் சேர்த்துப் பைக்கு 0.04 என்று கொள்வோம். பையின் தடிப்பு 6 செ.மீ. ஆனால் வெளியேறும் வெப்பம் சுமார் 51 வாட். மூச்சின் வழியே இழப்பதையும் கூட்டினால் ஏறத்தாழ நம் 70 வாட்டுக்குள் அடங்கிவிடும். தடிப்பு 3 செ.மீ. ஆகக் குறைந்தால் இழப்பு 101 வாட்! வரவுக்கு மிஞ்சிய செலவு. அந்தப் பற்றாக்குறையை ஈடு செய்யவே உடல் நடுங்குகிறது.

ஆகவே வெப்பத்தைக் காப்பது பையினுள் அசையாது நிற்கும் காற்றின் தடிப்பே. மற்றவையெல்லாம் அத்தடிப்பைக் குறைந்த எடையில் நிலைநிறுத்தும் உபாயங்கள்.

தூவியின் சிறப்பு

அவ்வுபாயங்களில் இன்றும் முதலிடம் வகிப்பது தூவி. கடைகளில் இதை 'டவுன்' என்பார்கள். வாத்துகளின் மேலிறகுக்கு அடியில், மார்புப் பகுதியில் வளரும் மென்மயிர் இது. இறகுக்குள்ள தண்டு இதற்கில்லை. ஒரு நடுப்புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் இழைகள் விரிந்து, எருக்கங்காய் வெடித்துப் பறக்கும் பஞ்சை நினைவூட்டும். அழுத்தினால் சுருங்கும், விட்டால் மீண்டும் விரியும். குளிர்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகள், இமயத்தைக் கடந்து வருவது இத்தகைய உள்ளாடையுடன்தான்.

மலையேற்றத்தில் தூவியின் பெருமையை உணர்த்தியவர்களுள் ஒருவர் நம் நாட்டோடு தொடர்புடையவர். 1922-இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற பிரிட்டிஷ் குழுவில் ஜார்ஜ் இங்கிள் ஃபின்ச் என்ற வேதியியல் அறிஞர் இருந்தார். மற்றவர்கள் கம்பளி உடைகளை நம்பியிருக்க, அவர் பலூன் துணியில் ஈடர் வாத்தின் தூவியை அடைத்துத் தைத்த கோட்டு ஒன்றை அணிந்து வந்தார். முதலில் அதைக் கண்டு நகைத்தவர்கள், உயரம் ஏற ஏறப் பொறாமை கொண்டார்கள். அவரும் ஜெஃப்ரி புரூஸும் அவ்வாண்டு மே 27 அன்று சுமார் 8,300 மீட்டர் உயரத்தை எட்டினர். இதே ஃபின்ச்தான் 1952 முதல் 1957 வரை புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகப் பணியாற்றினார்.

பெருக்கிப் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

தூவிப் பைகளின் விளம்பரங்களில் 600, 700, 800 என்ற எண்களைக் காணலாம். இது தூவியின் விரிவாற்றல். ஓர் அவுன்ஸ் தூவி குறிப்பிட்ட சிறு பாரத்தின் கீழ் எத்தனை கன அங்குலம் விரிகிறது என்பதே இதன் பொருள். நம் அலகுகளில், 600 என்றால் கிராமுக்குச் சுமார் 347 கன செ.மீ.; 800 என்றால் சுமார் 462 கன செ.மீ.

இங்கே விளம்பரம் செய்யும் தந்திரத்தைக் கவனியுங்கள். விரிவாற்றல் தூவியின் தரத்தை மட்டுமே கூறும். பையினுள் எவ்வளவு தூவி இருக்கிறது என்று கூறாது. 800 வகைத் தூவி 500 கிராம் இருந்தால் மொத்தம் 231 லிட்டர் கனஅளவு கிடைக்கும். 600 வகையில் 667 கிராம் இருந்தாலும் அதே 231 லிட்டர்தான். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு காக்கும். முதலாவது 167 கிராம் இலேசு, விலையோ அதிகம். ஆனால் 800 வகையில் 250 கிராம் மட்டுமே அடைத்த பை இவ்விரண்டுக்கும் பாதிதான். பெரிய எண்ணைப் பார்த்து வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான். பையின் மொத்த எடையைச் சொல்லி, உள்ளிருக்கும் தூவியின் எடையைச் சொல்லாத அட்டையை நான் பாதி அட்டை என்றே கருதுகிறேன்.

தையலையும் பார்க்க வேண்டும். மேல்துணியையும் உள்துணியையும் நேரே சேர்த்துத் தைத்தால், தையற் கோடுகளில் தடிப்பே இராது. அக்கோடுகள் வழியே வெப்பம் ஓடிவிடும். இடையில் சிறு துணிச்சுவர்கள் வைத்துப் பெட்டி பெட்டியாகத் தைத்த பையே கடுங்குளிருக்கு ஏற்றது.

பொம்மையின் சாட்சியம்

வெப்பநிலை எண்ணைக் கண்டறிய ஒரு முறையான சோதனை இல்லாமலில்லை. 2002-இல் ஐரோப்பாவில் இஎன் 13537 என்ற நியமம் வகுக்கப்பட்டது. பின்னர் 2016-இல் ஐஎஸ்ஓ 23537 என்ற உலக நியமம் வந்தது. 2022-இல் அது திருத்தப்பட்டது. மின்சாரத்தால் சூடேற்றப்படும் மனித உருவப் பொம்மை ஒன்றைப் பைக்குள் படுக்க வைத்து, அதன் சூட்டை நிலையாக வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று அளக்கிறார்கள். அதிலிருந்து மூன்று எண்களைக் கணக்கிடுகிறார்கள். முதலாவது சுக எண்: ஒரு 'நியமப் பெண்' இயல்பாகப் படுத்துச் சுகமாக உறங்கும் வெப்பநிலை. இரண்டாவது எல்லை எண்: ஒரு 'நியம ஆண்' உடலைக் குறுக்கிக்கொண்டு 8 மணி நேரம் விழிக்காமல் உறங்கக்கூடிய வெப்பநிலை. மூன்றாவது கடைநிலை எண்: நியமப் பெண் 6 மணி நேரம் குளிரால் இறவாமல் தாக்குப்பிடிக்கும் வெப்பநிலை, அப்போதும் கைகால்கள் உறைந்து புண்படக்கூடும்.

இச்சோதனை மிகவும் பாராட்டத்தக்கது. வெவ்வேறு நிறுவனத்தாரின் பைகளை ஒரே தராசில் நிறுத்துகிறது. குறையெல்லாம் அதைப் பயன்படுத்தும் விதத்தில். பல பைகளில் முதல் எண்ணுக்கும் மூன்றாம் எண்ணுக்கும் இடையே 20 டிகிரி அளவு இடைவெளி உண்டு. விற்பவர் மூன்றாவதை மட்டும் பெரிதாக அச்சிட்டால், அவர் கூறியது பொய்யாகாது. வாங்குபவர் புரிந்துகொண்டது பொய்யாகிவிடும்.

நியமத்தைப் பற்றியும் நமக்கு ஒரு கேள்வி உண்டு. நியம ஆண் 25 வயதினர், 173 செ.மீ. உயரம், 73 கிலோ எடை. நியமப் பெண் 160 செ.மீ., 60 கிலோ. நம் கல்லூரியில் 45 கிலோ எடையுள்ள மாணவி எத்தனை பேர்! சிறிய உடலில் உண்டாகும் வெப்பமும் குறைவு, சேமிப்பும் குறைவு. ஆண்டு முழுதும் 30 டிகிரியில் பழகிய உடல் வேறு. பொம்மைக்குப் பசியில்லை, மலையேறிய களைப்பில்லை, ஈரச் சட்டையில்லை. அது நீண்ட உள்ளாடையும் காலுறையும் அணிந்து, மேட் எனப்படும் அடிவிரிப்பின் மேல் படுத்திருக்கிறது. அடிவிரிப்பின்றி வெறும் தரையில் படுத்தால் அட்டையில் உள்ள எந்த எண்ணும் செல்லாது. உடலின் பாரத்தால் அடியிலுள்ள தூவி நசுங்கித் தடிப்பிழந்து விடுவதே காரணம்.

இங்கேயே ஒரு சோதனை

குளிரே இல்லாத ஊரில் குளிர்ப் பையைச் சோதிப்பது எப்படி? நியூட்டனின் குளிர்தல் விதி நமக்குக் கைகொடுக்கிறது. வெப்ப இழப்பின் வேகம் உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைச் சார்ந்தது. 33 டிகிரித் தோலுக்கும் −7 டிகிரிக் காற்றுக்கும் வேறுபாடு 40. 70 டிகிரி வெந்நீருக்கும் நம் வகுப்பறையின் 30 டிகிரிக் காற்றுக்கும் வேறுபாடு அதே 40!

மூடி இறுகிய ஒரு சாதாரண எவர்சில்வர் புட்டியில் 70 டிகிரி வெந்நீரை நிரப்புங்கள். வெந்நீரை நெடுநேரம் காக்கும் இரட்டைச் சுவர்ப் புட்டி இதற்கு உதவாது. தெர்மகோல் பலகைமேல் விரித்த பையின் நடுவில் புட்டியை வைத்து மூடுங்கள். அரை மணிக்கொரு முறை வெப்பமானியால் அளந்து, 50 டிகிரிக்கு இறங்க எத்தனை நேரமாகிறது என்று குறியுங்கள். பின்னர் வேறொரு பையிலும், வீட்டுக் கம்பளியிலும் இதையே செய்யுங்கள். எந்தப் பை எத்தனை டிகிரி தாங்கும் என்று இது கூறாது. எது எதைவிடச் சிறந்தது என்பதை ஐயமறக் காட்டும். வாத்துப் படத்தைவிட இந்தச் சாட்சியம் நம்பத்தக்கது.

வாங்குமுன்

செல்லுமிடத்தின் இரவு வெப்பநிலையை முதலில் அறியுங்கள். சுக எண் அதைவிட ஐந்து டிகிரியாவது கீழே உள்ள பையைத் தேர்ந்தெடுங்கள். ஆணாயினும் சுக எண்ணையே பாருங்கள். தூவியின் எடை, விரிவாற்றல் இரண்டையும் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். நல்ல அடிவிரிப்புக்குத் தனியே பணம் ஒதுக்குங்கள்.

எல்லோருக்கும் தூவிதான் வேண்டும் என்பதுமில்லை. நனைந்த தூவி கட்டிபட்டுத் தடிப்பிழக்கும். மூடுபனியும் தூறலும் மிகுந்த நீலகிரி, கொடைக்கானல் முகாம்களுக்குச் செயற்கை இழைப் பையே மேல். எடை சற்று அதிகமாயினும் ஈரத்தைத் தாங்கும், விலையும் குறைவு. லடாக், ஸ்பிதி போன்ற உலர்ந்த குளிருக்குத் தூவி சிறந்தது. ஒருமுறை மட்டும் செல்பவர் நல்ல பையை வாடகைக்கு எடுப்பது அறிவுடைமை.

நம் கடற்கரை ஈரக் காற்றில் தூவிப் பையை அதன் சிறு உறைக்குள் திணித்து மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பூஞ்சை பிடிக்கும், விரியும் ஆற்றலும் குன்றும். பெரிய பருத்தி உறையில் தளர்வாக இட்டு, காற்றாடும் இடத்தில் வையுங்கள்.

என் மாணவர் விற்பனையாளருக்கு எழுதி மூன்று எண்களையும் கேட்டார். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. −10 என்பது கடைநிலை எண். சுக எண் 8. மைனஸ் எட்டு அன்று, வெறும் எட்டு டிகிரி! அப்பையை வீட்டில் வைத்துவிட்டு, மலையடிவாரத்தில் தக்க பையொன்றை வாடகைக்கு எடுத்துச் சென்று நலமாகத் திரும்பினார். இரண்டு வரிக் கடிதம் ஒன்று அவரைக் காத்தது. கடையில் நிற்கும்போதே "இது எந்த எண்?" என்று கேட்டிருந்தால் அக்கடிதமும் வேண்டியிருந்திராது.